விடியக்காலையில் ஸ்டார்ட் எடுக்காத பழைய டீசல் கார்: கராஜுக்குக் கொண்டுபோகும் முன்

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரே புலம்பல். "பகல்ல திறப்பைத் திருப்பின உடனே ஸ்டார்ட். விடிய மட்டும் சுத்துது, சுத்துது, எடுக்குதில்ல." கேட்கிறவர்கள் "குளிருக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பதிலை நம்பாதீர்கள். தை மாத விடியலில்கூட இங்கே வெப்பநிலை 23 பாகை அளவில்தான் இருக்கும். நல்ல நிலையில் இருக்கிற டீசல் எஞ்சினுக்கு அது குளிரே இல்லை. இங்கேயே எடுக்க மறுக்கிறது என்றால் ஏதோ ஒன்று பழுதாகிக்கொண்டு வருகிறது, பகல் வெயிலும் சூடான எஞ்சினும் அதை மறைத்துக்கொண்டிருக்கின்றன. அதைக் கண்டுபிடிக்காமல் பற்றரி, டீசல் பம்ப் என்று மாற்றத் தொடங்கினால் காசு போகும், பிரச்சினை அப்படியே இருக்கும். என் 2சி எஞ்சின் கொரோலாவுக்கு முதலில் பற்றரி, அப்புறம் பம்ப் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் இரண்டுமே காரணமில்லை. ஸ்டார்ட் பண்ணும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கில் இரண்டு செத்திருந்தன, ஒரு எர்த் வயர் உப்புப் பிடித்திருந்தது. பழைய டீசல் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்கள் அந்த அலைச்சலைத் தவிர்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இதில் சொல்வது ஹீட்டர் பிளக்கும் பழைய மாதிரி மெக்கானிக்கல் பம்பும் உள்ள எஞ்சின்களுக்கு: கொரோலா, டவுன்ஏஸ், லைட்ஏஸ் ஆகியவற்றின் 2சி, டொல்பின் வான் (பழைய ஹைஏஸ்), ஹைலக்ஸ் ஆகியவற்றின் 2எல், 3எல், அந்தக் காலத்து டீசல் நிசான் சனி போன்றவை. கம்பியூட்டர் வைத்த கொமன் ரெயில் எஞ்சின் என்றால் ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

1. திறப்பைத் திருப்பும் முன் பொனட்டைத் திறந்து வையுங்கள்

சோதனை எல்லாம் அன்றைய முதல் ஸ்டார்ட்டிலேயே நடக்க வேண்டும். ஒருமுறை எடுத்துவிட்டால் எஞ்சின் சூடாகிவிடும், அடுத்த விடியல்வரை ஒன்றும் தெரியாது. வீட்டில் ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே நின்று சத்தத்தையும் சைலன்சர் புகையையும் பாருங்கள்.

மந்தமாக, முனகிக்கொண்டு சுற்றினால் சந்தேகம் மின்சாரப் பக்கம். 2ஆம் பகுதிக்குப் போங்கள்.

வேகமாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது, ஆனால் எடுக்கவில்லை. அப்படியென்றால் டீசல் உள்ளே போகிறது, சூடு போதாமல் எரியாமலே வெளியே வருகிறது. 3ஆம் பகுதி. எடுத்த பிறகு ஒரு நிமிடம் உடம்பெல்லாம் நடுங்கி, வெள்ளைப் புகை தள்ளி, அப்புறம் சரியாகிறது என்றாலும் இதே பகுதிதான்.

வேகமாகச் சுற்றியும் துளிப் புகை இல்லாவிட்டால் டீசலே போகவில்லை. 4ஆம் பகுதி. எடுத்து ஒருசில விநாடியில் அணைந்து, பிறகு நெடுநேரம் சுற்ற வைப்பதும் இந்த வகைதான்.

புகையின் நிறத்தையும் குறித்து வையுங்கள். நீலம் என்றால் ஓயில் எரிகிறது, கறுப்பு என்றால் டீசல் கூடிவிட்டது அல்லது காற்றுப் போதவில்லை. கராஜில் "ஸ்டார்ட் இல்ல" என்று மட்டும் சொன்னால் அவர்களும் ஊகத்தில்தான் கை வைப்பார்கள். முடிந்தால் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

2. பற்றரி வாங்கும் முன் அளந்து பாருங்கள்

டீசல் வாகனத்துக்குப் போதிய அளவுள்ள புதுப் பற்றரி இன்றைக்கு 30,000 ரூபாயைத் தாண்டும். சாதாரண மல்டிமீட்டர் ஒருசில ஆயிரத்துக்குள் கிடைக்கும். முதலில் மீட்டரை வாங்குங்கள்.

இரவு முழுவதும் நின்ற பற்றரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே நின்றால் அது பாதிதான் சார்ஜ் ஆகியிருக்கிறது. உடனே பற்றரியைக் குறை சொல்ல வேண்டாம். எஞ்சின் ஓடும்போது அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை வரவில்லை என்றால் பழுது அல்டர்னேட்டரில். அந்த நிலையில் புதுப் பற்றரி போட்டாலும் அதுவும் இறங்கிப்போகும். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் 9.6 வோல்டுக்குக் கீழே விழுந்தால், சார்ஜ் ஏற்றியும் அப்படியே விழுந்தால், அப்போது பற்றரியைச் சந்தேகிக்கலாம்.

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று கடலோரமாக இருப்பவர்கள் அடுத்ததைக் கட்டாயம் செய்யுங்கள். உப்புக் காற்று முதலில் தின்பது எர்த் வயரைத்தான். பற்றரி மைனஸிலிருந்து வாகனத்தின் உடலுக்கும் எஞ்சினுக்கும் போகும் தடித்த வயர்களின் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள். வெளியே நன்றாகத் தெரிகிற வயர் உறைக்குள் அரித்துப்போயிருக்கவும் கூடும். அதைக் கண்டுபிடிக்க மீட்டரின் ஒரு முனையைப் பற்றரி மைனஸிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் வயரை மாற்றுங்கள். ஒரு வயரின் விலை பற்றரி விலையில் சிறு துண்டுகூட இல்லை.

பற்றரி வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஒரு பொறி உண்டு. பெற்றோல் காருக்கான சிறியதைத் தட்டில் பொருந்துகிறது என்று சொல்லி விற்பார்கள். டீசலுக்கு ஸ்டார்ட்டரும் பெரிது, ஹீட்டரும் கரண்ட் குடிக்கும். 60 அம்பியர்-மணிக்குக் (Ah) குறைந்ததை எடுக்காதீர்கள். வாரண்டி அட்டையில் திகதியும் கடை முத்திரையும் விழுந்ததைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். முத்திரை இல்லாத அட்டையோடு ஆறு மாதம் கழித்துப் போனால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

3. ஹீட்டர் பிளக்

இந்த எஞ்சின்களில் டீசல் எரியத் தொடங்குவது எஞ்சின் தலைக்குள் (சிலிண்டர் ஹெட்) இருக்கும் ஒரு சிறு அறையில். பிஸ்டன் அமுக்கிச் சூடாக்கும் காற்றின் சூட்டில் ஒரு பங்கை அந்த அறையின் குளிர்ந்த சுவர் உறிஞ்சிவிடும். அதனால்தான் நம்முடைய 23 பாகையிலும் இவற்றுக்கு ஹீட்டர் பிளக் தேவைப்படுகிறது. நான்கில் ஒன்று செத்தால் பெரும்பாலும் தெரியாது. இரண்டு செத்தால் விடியலில் நடுக்கமும் வெள்ளைப் புகையும். மூன்று செத்தால் அயல்வீட்டுக்காரர் தள்ள வர வேண்டும்.

டாஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு லைட் எரிந்து அணைவதை வைத்து "ஹீட்டர் வேலை செய்யுது" என்று முடிவெடுக்க வேண்டாம். அந்த லைட் வெறும் நேரக்கணக்கு. நான்கு பிளக்கையும் கழற்றி வீசினாலும் அது அழகாக எரிந்து அணையும்.

சோதிக்கும் முறை இது. நான்கு பிளக்கின் தலையையும் இணைக்கும் தகட்டைக் கழற்றுங்கள். நட்டுகள் சின்னவை, எஞ்சினுக்குள் எங்காவது விழுந்தால் தேடிக் களைத்துவிடுவீர்கள், கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பற்றரி பிளஸில் மாட்டி, கூர் முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொடுங்கள். லாம்ப் எரிந்தால் உள்ளே கம்பி அறாமல் இருக்கிறது. எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்தது. பிளக்கைக் கழற்றவே தேவையில்லை.

பிளக்கைப் பற்றரியில் நேரடியாகத் தொட்டு, சிவக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் பல கராஜ்களில் உண்டு. உங்களுடையது 12 வோல்ட் வகை என்று உறுதியாகத் தெரியாமல் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். டொயோட்டாவிலேயே 6 வோல்ட் அளவில் வேலை செய்து வேகமாகச் சூடாகும் வகையும் உண்டு. அதை 12 வோல்டில் பிடித்தால் நல்ல பிளக்கும் அங்கேயே எரிந்துபோகும். புதிது வாங்கும்போதும் இதே கவனம். பழைய பிளக்கின் உடலில் பொறித்திருக்கும் வோல்ட் எண்ணைப் படித்து, அதே எண்ணுள்ளதை வாங்குங்கள். நீளமும் மரையும் பொருந்துகின்றன என்பதற்காக வேறு வோல்ட் போட்டால் ஒன்றில் சூடாகாது, இல்லாவிட்டால் சீக்கிரம் எரியும்.

நான்கும் நல்லதாக இருந்தால், திறப்பை ஒன் நிலைக்குத் திருப்பித் தகட்டில் மின்சாரம் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வரவில்லை என்றால் பிளக்குகளுக்கு மின்சாரம் விடும் ரிலே அல்லது பற்றரிக்கு அருகிலுள்ள பெரிய பியூஸ். சில பழைய வாகனங்களில் ரிலே பழுதானதும் யாரோ கையால் அமுக்கும் பட்டன் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். அது வேலை செய்யும்தான். ஆனால் குறைந்த வோல்ட் பிளக் இருக்கும் வாகனத்தில் பட்டனை நீண்ட நேரம் அமுக்கிப் பிடித்தால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

கழற்றுவதில் அவசரம் கூடாது. முதல் நாள் மாலையே மரைக்குத் துருநீக்கும் எண்ணெய் விட்டு வைத்து, எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது மெதுவாகத் திருப்ப வேண்டும். அதிகச் சூட்டில் எரிந்த பிளக்கின் நுனி வீங்கியிருக்கும். மரை கழன்ற பிறகும் வெளியே வராமல் அடம் பிடித்தால் குறடு போட்டு இழுக்க விடாதீர்கள். நுனி முறிந்து உள்ளே விழுந்தால் தலையைக் கழற்ற வேண்டி வரும். அதன் செலவோடு பார்த்தால் பிளக் விலை ஒன்றுமே இல்லை.

ஒன்று ஒருசில ஆயிரம் ரூபாய்தான், நான்கையும் ஒன்றாகவே மாற்றுங்கள். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். தெரிந்தவர் யாராவது வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் விடிய கையில் வந்துவிடும். பிளக்கின் படம், பொறித்த எண், எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம் நான்கையும் முதலே அனுப்புங்கள். "கொரோலா டீசலுக்கு" என்று மட்டும் சொன்னால் எது வரும் என்று யாருக்கும் தெரியாது.

4. டீசல் லைனில் காற்று

அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படுவது இதுதான். எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தோ கிளிப் தளர்ந்தோ இருக்கும். டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். பகலில் அடிக்கடி ஸ்டார்ட் பண்ணுவதால் தெரியாது. இரவு முழுக்க நின்றால் லைனில் இருக்கிற டீசல் மெல்ல மெல்லத் தாங்கிக்கே திரும்பிவிடும். விடிய வெறும் காற்றைத்தான் பம்ப் இழுக்கிறது. இதைப் பார்த்துவிட்டு "பம்ப் வீக்" என்பார்கள்.

டீசல் பில்டருக்கு மேல் கையால் அமுக்கும் ஒரு குமிழ் இருக்கும். விடிய, ஸ்டார்ட் பண்ணும் முன், அதை இறுகும்வரை அமுக்குங்கள். நெடுநேரம் இறுகாமல் போய், பிறகு இறுகி, அதன்பின் வண்டி முதல் சுற்றிலேயே எடுத்தால் சந்தேகமே வேண்டாம், காற்றுத்தான். உறுதிப்படுத்த, பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு சாண் போடச் சொல்லுங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

வாகனத்தை முன்பக்கம் தாழ்வாக நிறுத்தினால் நன்றாக எடுக்கிறதா என்று பார்க்கவும் சொல்வார்கள். நல்ல சோதனைதான், ஆனால் மட்டக்களப்பில் சரிவுக்கு எங்கே போவது? கல்லடிப் பாலத்தில் வாகனம் நிறுத்த முடியாது. வீட்டு முற்றத்தில் பின் சில்லுகளுக்குக் கீழே பலகை வையுங்கள், முன் சில்லுகளுக்கு மறக்காமல் கட்டை கொடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள்: டீசலைப் பீச்சும் இஞ்செக்டர்களுக்கு நடுவில் ஓடும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்கள், பில்டர் தலையின் வாசர், அந்தக் குமிழ், தாங்கிக்கு மேலுள்ள ரப்பர் ஹோஸ். கொஞ்சம் ஹோஸும் கிளிப்பும்தான் செலவு. குமிழைத் தொட்டுப் பார்க்காமலே பம்பைக் கழற்றச் சொல்கிற இடத்தில் நான் வாகனத்தை விட மாட்டேன். பம்ப் வேலைதான் இந்தப் பட்டியலிலேயே அதிகச் செலவு.

குமிழ் உடனே இறுகி, ஆனாலும் புகை வராவிட்டால் பம்பின் பின்புறமுள்ள, டீசலைத் திறந்து மூடும் சொலினொயிட்டைக் கவனியுங்கள். திறப்பை ஒன் பண்ணும்போது "டிக்" என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதற்குப் போகும் வயரை முதலில் பாருங்கள்.

5. தண்ணீர்

வெள்ளத்துக்குள் ஓடிய வாகனம், கலனில் நாள்பட வைத்த டீசல், அடிமட்டம்வரை ஓடவிட்ட தாங்கி. இவற்றில் எது இருந்தாலும் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் கீழே தனியாக நிற்கும். சுத்தமான டீசல் வரும்வரை விட்டுவிட்டுத் திருகை இறுக்கி, குமிழை அமுக்கிக் காற்றை எடுங்கள். பில்டர் எப்போது மாற்றியது என்று தெரியாத வாகனம் என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து டீசல் உறையாமலிருக்க மருந்து தேடுபவர்களும் இருக்கிறார்கள். டீசல் மெழுகாவது கடுங்குளிர் நாடுகளின் பிரச்சினை. மட்டக்களப்பில் அந்த மருந்து தேவையில்லை.

6. யார் சொன்னாலும் செய்யக் கூடாதவை

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே வேண்டாம். சூடான ஹீட்டர் பிளக்கில் அதிலுள்ள ஈதர் பட்டால் நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் ரிங் உடையும். காற்றுக் குழாயில் தீப்பந்தம் காட்டுவது பழைய லொறிக்காரர்கள் வித்தை, பொனட்டுக்குக் கீழ் டீசல் கசியும் காரில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

மண்ணெண்ணெய் கலந்தால் "லேசாக எடுக்கும்" என்பார்கள். இந்தப் பம்புக்கு டீசல்தான் ஓயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை, பம்ப் உள்ளே தேயும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது அவசரத்துக்குச் சரி, பழக்கமாக்காதீர்கள். 2சி, 2எல் இரண்டிலும் கேம் ஷாப்டையும் பம்பையும் சுற்றுவது ஒரு ரப்பர் டைமிங் பெல்ட். பழைய பெல்ட் அந்த உதறலில் பல் தாவினால் எஞ்சினே போகும். ஒட்டோ கியர் வாகனம் தள்ளினாலும் எடுக்காது. ஸ்டார்ட்டரையும் ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

7. மேலே உள்ளது எதுவும் இல்லை என்றால்

இப்போதுதான் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம். நல்ல 2சி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் சுமார் 30 கிலோ (சதுர சென்ரிமீற்றருக்கு) காட்டும். 20க்குக் கிட்ட வந்தாலோ, சிலிண்டர்களுக்குள் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ விடியல் பிரச்சினைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. டீசலுக்கென்றே உள்ள மீட்டர் வேண்டும், பெற்றோல் மீட்டர் தாங்காது.

குறைவு என்றதும் எஞ்சினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கு விட்டிருக்கும் இடைவெளி) பார்க்கச் சொல்லுங்கள். ஓடி ஓடி அது இறுகிவிட்டால் வால்வ் முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போகும். 2சியில் சிம் எனும் மெல்லிய தகட்டை மாற்றிச் சரி செய்ய வேண்டும், நேரம் எடுக்கும் வேலை என்பதால் பலர் தட்டிக் கழிப்பார்கள். பிறகு இஞ்செக்டர்களைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் பாய்ச்சிப் பார்ப்பது. பம்ப் அதற்கும் பிறகுதான்.

8. கராஜில் விடும்போது

வாகனத்தை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால் எஞ்சின் சூடு. மெக்கானிக் திறப்பைத் திருப்புவார், ஒரே சுற்றில் எடுக்கும், உங்களைப் பார்த்துச் சிரிப்பார். முதல் நாள் மாலையே கொண்டுபோய் விட்டு, "விடிய நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேணும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். தெரிந்தவராக இருந்தால் விடிய வீட்டுக்கு வரச் சொல்லி அந்தக் கூலியைக் கொடுப்பது இன்னும் நல்லது.

கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கம் வெள்ளி மதியம் ஜும்ஆவுக்குக் கடைகள் பூட்டியிருக்கும், நகரத்தில் ஞாயிறு பல கராஜ்கள் இல்லை. வெள்ளி காலை கழற்றிப் போட்ட வாகனம் திங்கள்வரை அப்படியே கிடக்கும். செவ்வாய், புதன் சரியான நாட்கள். எல்லாவற்றையும் ஐப்பசிக்குள் முடித்துவிட்டால் மழையில் நனைந்துகொண்டு பார்க்கத் தேவையில்லை.

கையில் கொண்டுபோக வேண்டியவை: வாகனப் புத்தகத்தின் பிரதி, பழைய பில்கள், உங்கள் வீடியோ. பம்பைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் அதன் மேலுள்ள இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், திரும்பி வருவது உங்களுடைய பம்ப்தானா என்று தெரிய வேண்டும். கழற்றிய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் சாமான் தனியாக, கூலி தனியாக எழுதியிருக்கட்டும்.

வருமான அனுமதிப்பத்திரம் முடியும் திகதியையும் பாருங்கள். புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது. பம்பில் கை வைத்தவர் இழுவை கூட வேண்டும் என்று டீசலைக் கூட்டி வைத்தால் கறுப்புப் புகை வரும், பரிசோதனையில் விழும். ஆகவே திருத்தம் முதலில், புகைப் பரிசோதனை அடுத்தது, பிரதேச செயலகம் கடைசி. அந்தப் பரிசோதனையில் டீசல் எஞ்சினை உச்ச வேகத்துக்கு முடுக்குவார்கள். டைமிங் பெல்ட் எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள்.

9. மலைநாட்டுக்குப் போகிறவர்கள்

செங்கலடியில் ஏறினால் மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஏ5 வீதி நேரே நுவரெலியாவில் கொண்டுபோய் விடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். தை மாத இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்கும், புல்லில் உறைபனி விழும் நாளும் உண்டு. இங்கே இரண்டு பிளக்கோடு சமாளித்த கார் அங்கே சமாளிக்காது. போகும் முன் 2ஆம், 3ஆம் பகுதிச் சோதனைகளை முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் 20டபிள்யூ-50 ஓயில் இருந்தால் அடுத்த சேர்விஸில் 15டபிள்யூ-40க்கு மாறுங்கள், குளிரில் இலகுவாகச் சுற்றும்.

அங்கே விடியலில் லைட், பேன், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, சுருள் லைட் அணைந்த பிறகும் கொஞ்சம் பொறுங்கள். எடுக்காவிட்டால் திறப்பை மூடி, இன்னொரு முறை சூடேற்றி, கிளச்சை அமுக்கிக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். டாஷ்போர்டில் ஐட்லிங் கூட்டும் திருகு இருந்தால் எடுத்தவுடன் கொஞ்சம் கூட்டி, சூடானதும் குறைத்துவிடுங்கள். ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.